சொல் கூடினால் உரிமை சுருங்கும்

செம்பனைத் தோட்டங்களைக் கடந்து போர்ட்டிக்சன் போகும்போது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். முன்பு ஷெல், இப்போது ஹெங்யுவான்.

வினையூக்கி வினையில் செலவாவதில்லை என்று படிக்கிறோம். உண்மைதான். ஆனால் கன எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்கையில், சில விநாடிகளிலேயே அதன்மேல் கரி படிந்து வேலை மந்தமாகும். காற்றை ஊதி, ஏறத்தாழ 700 பாகை செல்சியசில் கரியை எரித்தால் மீண்டும் வேலை செய்யும்.

இதற்கு ஒருவர் புது வழி கண்டு காப்புரிமை பெற்றதாக வைத்துக்கொள்வோம். மலேசியாவில் அது 20 ஆண்டுகள் வரை நீடிக்கும். பக்கம் பக்கமாக விளக்கம் இருந்தாலும், உரிமையின் எல்லைக்கல் ‘கோரிக்கை’ வரிகளில்தான் இருக்கிறது. ‘காற்றால் எரித்தல், 680 முதல் 720 பாகை, பிறகு நீராவி செலுத்துதல் ஆகியவை அடங்கிய முறை’ என்று எழுதினால், நீராவியை விட்டுவிட்ட போட்டியாளர் பெரும்பாலும் தப்பிவிடுவார். மூன்றையும் செய்து நான்காவதாக ஒன்றைச் சேர்த்தவரோ மாட்டிக்கொள்வார்!

அப்படியானால் ‘காற்றால் எரித்தல்’ என்று மட்டும் எழுதலாமே? அது எல்லாரும் முன்பே செய்வது. புதுமை இல்லையென்று காப்புரிமையே செல்லாமல் போகும்.

725 பாகையில் எரித்தால்? அந்த எண்ணைத் துறை அறிந்த பொறியாளர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று நீதிபதி கேட்பார்.