பால்மா வாங்கும் முன் மிட்வைபைக் கூப்பிடுங்கள்

"புள்ளைக்குப் பால் காணாது போல." பிள்ளை பிறந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பார்க்க வந்த உறவுக்காரர் யாராவது இதைச் சொல்லிவிடுவார். இரவெல்லாம் அழும் பிள்ளையோடும், வெடித்த முலைக்காம்போடும், தையல் வலியோடும் இருக்கும் இளம் தாய்க்கு அது தீர்ப்புப் போலக் கேட்கும். அன்று மாலையே கடையிலிருந்து பால்மாவும் சூப்பிப் போத்தலும் வீட்டுக்கு வந்துவிடும்.

தாய்ப்பாலூட்டலில் இலங்கைக்கு நல்ல பெயர் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பாலை மட்டுமே குடித்தார்கள். அப்படியிருந்தும் முதல் பத்து நாட்களில் தடுமாறும் தாய்மார் ஏராளம். அவர்களுடைய சிக்கல்களில் பெரும்பாலானவை, பழகிய ஒருவர் பக்கத்திலிருந்து பிள்ளை பால் குடிப்பதைப் பார்த்துத் திருத்திவிட்டால் தீர்ந்துவிடும். அந்த உதவியை அரச சேவை இலவசமாக உங்கள் வீட்டுக்கே அனுப்புகிறது.

மிட்வைப் வருவது சலுகை அல்ல

குடும்பநல உத்தியோகத்தர் என்று ஆவணங்களில் எழுதப்படும் மிட்வைப், பிரசவத்துக்குப் பிந்திய முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவையும், 14ஆம் நாளுக்கும் 21ஆம் நாளுக்கும் இடையில் ஒரு தடவையும், 42ஆம் நாளை ஒட்டி இன்னொரு தடவையும் வீட்டுக்கு வர வேண்டும். அது அவருடைய கடமை. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய அன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள். பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்தால், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மிட்வைபுக்கும் அறிவிக்க வேண்டும். பலருக்கு வீட்டுத் தரிசனம் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் படுவான்கரையில் தூரம் ஒரு உண்மையான தடை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குப் பயணம் இலகுவாயிற்று. ஆனாலும் அம்பிளாந்துறையிலும் மண்டூரிலும் வாவியைக் கடக்க இன்னும் பாதைப் படகுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. ஆகவே கர்ப்பகாலத்திலேயே மிட்வைபின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரத் தவறினால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை.

பால் காணுமா, காணாதா?

முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது மஞ்சள் நிறமான சீம்பால். அளவில் கொஞ்சம்தான். பிறந்த பிள்ளையின் இரைப்பையும் அவ்வளவு சிறியது. அதற்குப் பிறகுதான் மார்பு நிறைந்து பால் இறங்கும். சிசேரியன் செய்த தாய்க்கு இது சற்றுப் பிந்தலாம். பிந்துவதால் பால் இல்லை என்று ஆகாது.

மணலில் தோண்டிய பூவல் அள்ள அள்ள ஊறுவதைப் போலத்தான் தாய்ப்பாலும். பிள்ளை உறிஞ்சும் அளவைப் பார்த்தே உடல் அடுத்த வேளைக்குச் சுரக்கிறது. ஒரு நேரம் பால்மா கொடுத்தால் பிள்ளை அந்த நேரம் மார்பில் உறிஞ்சாது, சுரப்பும் அந்த அளவு குறையும். "காணாது" என்ற பயமே பாலைக் குறைத்துவிடுவது இப்படித்தான்.

அழுகையை வைத்துப் பாலை அளக்க முடியாது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கிறதா, ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு தடவையாவது வெளிறிய நிறத்தில் சலம் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியென்றால் பால் காணும். முதல் சில நாளில் நிறை சற்றுக் குறைவது வழமை. பத்து வீதத்தை நெருங்கினால் உடனே காட்ட வேண்டும்.

வலியைத் தாங்கிக்கொள்ளாதீர்கள்

"முதல் பிள்ளை என்றால் வலிக்கத்தான் செய்யும்" என்று பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். தொடர்ந்து வலிப்பதும் காம்பு வெடிப்பதும் பெரும்பாலும் பிள்ளை சரியாகப் பிடிக்காததால் வருபவை. பிள்ளையின் காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்க, வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். வாயை அகலத் திறந்த பிறகே மார்புக்குக் கொண்டுவாருங்கள். காம்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். நாடி மார்பில் முட்டி, கீழுதடு வெளியே மடிந்திருந்தால் சரியான பிடி. வலித்தால் இழுத்தெடுக்காமல், வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பிடியைத் தளர்த்தி மறுபடி தொடங்குங்கள். குடித்து முடிந்ததும் காம்பில் இரண்டு துளி தாய்ப்பாலைத் தடவிக் காயவிடலாம்.

பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டால் அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். பிடிக்க முடியாத அளவுக்கு இறுகியிருந்தால் முதலில் கையால் கொஞ்சம் பீய்ச்சி இளக்குங்கள். கொடுத்த பின் குளிர்ந்த ஈரத்துணியை வைக்கலாம். அழுத்தித் தேய்க்க வேண்டாம். மார்பில் ஓரிடம் சிவந்து, காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் அது அழற்சி. ஒரு நாளுக்குள் வைத்தியரைக் காணுங்கள். அந்த மார்பிலும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பால் தேங்கிச் சீழ்க்கட்டியாக மாறலாம்.

பத்தியமும் தண்ணீரும்

சரக்குக் கறி, உள்ளி, முருங்கையிலை, பால்சுறாப் புட்டு என்று பிள்ளைபெற்றவளுக்கு எங்கள் வீடுகளில் ஆக்கிக் கொடுப்பது அன்பும் நல்ல உணவும். அதை விட வேண்டாம். ஆனால் தண்ணீரைக் குறைப்பதும், மரக்கறி பழங்களை ஒதுக்குவதும் தாயைத்தான் வாட்டும். தாகம் தீரக் குடிக்க வேண்டும். பிள்ளைக்கோ சீனித்தண்ணியும் தேனும் கொத்தமல்லித் தண்ணியும் வேண்டாம். ஆறு மாதம் வரை, இந்த வெயிலிலும், தாய்ப்பாலில் உள்ள நீரே போதும்.

பால்மா விளம்பரமும் வெள்ளமும்

உலக சுகாதாரப் பேரவை 1981இல் தாய்ப்பால் மாற்றீடுகளின் விற்பனைக்கு ஒழுக்கக்கோவை வகுத்தது. இலங்கை 1983இலேயே தனக்கென ஒன்றை ஏற்படுத்தி, 2002இல் திருத்தியது. அதன்படி குழந்தைப் பால்மாவையும் சூப்பிப் போத்தலையும் விளம்பரம் செய்யவோ, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கவோ கூடாது. யாராவது கொடுத்தால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் முறையிடுங்கள்.

வெள்ளம் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2011 ஜனவரியில் ஊர்கள் முழுதாக நீருக்குள் கிடந்தன. கிணறும் மலசலகூடமும் ஒன்றாகக் கலந்த இடத்தில் போத்தல் கழுவ நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்? 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பின், நன்கொடைப் பால்மா கிடைத்த பிள்ளைகளிடையே வயிற்றோட்டம் கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டது. இடைத்தங்கல் முகாமுக்கு உதவுவோர் பால்மாவைப் பொதுவாகப் பங்கிடாமல், பால்கொடுக்கும் தாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் மறைவான ஓரிடமும் கொடுங்கள். மருத்துவக் காரணத்தால் உண்மையிலேயே பால்மா தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதைச் சுகாதாரப் பணியாளர் தீர்மானித்து, தயாரிக்கும் முறையையும் சொல்லித் தர வேண்டும். அந்தத் தாய்மாரை யாரும் குறை சொல்லக் கூடாது.

வேலைக்குத் திரும்பும்போது

முன்பு தனியார் துறையில் மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள் விடுமுறைதான். 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்றாயிற்று. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணிநேர வேலையில் இரண்டு இடைவேளைகள் கொடுக்க வேண்டும். வேலையிடத்தில் பிள்ளைப் பராமரிப்பு அறை இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிநேரம், இல்லாவிட்டால் ஒரு மணிநேரம். சாப்பாட்டு நேரத்தை இதில் கழிக்க முடியாது. கர்ப்பத்தையோ பிரசவத்தையோ காரணம் காட்டி வேலைநீக்கம் செய்வதும் சட்டவிரோதம். இந்த உரிமைகளை மறுத்தால் தொழில் திணைக்களத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டு, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வயலுக்கும் மீன்வாடிக்கும் நாட்கூலிக்குப் போகும் பெண்களுக்கு இந்தப் பாதுகாப்பு கைக்கு எட்டுவதில்லை. அவர்களுக்குப் பாலைப் பீய்ச்சி வைப்பதே வழி. சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில், பிரிஜில் நான்கு நாள் வரை வைக்கலாம். வெளியே வைத்தால் எங்கள் வெக்கைக்கு நான்கு மணிநேரத்துக்கு முன்பே கொடுத்து முடிப்பது நல்லது. அடுப்பில் சூடாக்காமல், சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கிக் கோப்பையால் பருக்குங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

பிள்ளை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகினாலோ, சலம் போவது குறைந்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தாய் இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமின்றி அழுதால், தூக்கமிழந்தால், பிள்ளையில் பற்றில்லாமல் இருந்தால் அது மருத்துவம் தேவைப்படும் நோய். மிட்வைபிடம் சொல்லுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் எந்நேரமும் பேசலாம். பிள்ளைக்கோ தனக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் அவளைத் தனியே விடாமல் அப்போதே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கணவன்மாருக்கும் மாமிமாருக்கும் உம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். சமையலையும் துணி துவைப்பதையும் மூத்த பிள்ளையையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். "காணாது" என்ற சொல் வாயில் வரும்போது அதைத் தாயிடம் சொல்லாமல், போனை எடுத்து மிட்வைபிடம் சொல்லுங்கள்.