தொப்புளைச் சுற்றிப் பதினான்கு

செண்பகனூரில் ஒருவரை நாய் கடித்துவிட்டால் இன்றைக்கு என்ன செய்வார்? காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறி மேலே கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குப் போவார். இரண்டு கைகளிலும் தோலுக்குள் துளித் துளியாக ஊசி. கடிபட்ட அன்று ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். காசு கிடையாது. வலியும் பெரிதாக இல்லை.

இதைக் கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் நம்பமாட்டார்கள். அவர்கள் காலத்தில் "நாய்கிட்டப் போகாதே, தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்க" என்பதுதான் பிள்ளைகளை அடக்கும் வார்த்தை. அது வெறும் மிரட்டல் இல்லை. தினம் ஒன்றாக, வயிற்றில், பதினான்கு நாள் வரை உண்மையிலேயே போட்டார்கள். அந்த ஊசிக்குள் இருந்தது என்னவென்று போட்டுக்கொண்டவர்களில் பலருக்குத் தெரியாது. அது ஆட்டு மூளை.

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் மன்னவனூர் ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போய்ச் செம்மறிக் கூட்டத்தோடும் முயல்களோடும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அவை கம்பளிக்காகவும் இறைச்சிக்காகவும் வளர்க்கப்படுகின்றன. ஆனால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் கதையை நடத்தியவை இந்த இரண்டு பிராணிகள்தான். முதலில் முயல், பிறகு ஆடு.

ரேபிஸ் ஒரு விசித்திரமான நோய். கடிபட்டவருக்கு அது வருமா, வராதா என்றே சொல்ல முடியாது. வந்தால் எப்போது வரும் என்றும் தெரியாது. சில வாரமாகலாம், பல மாதமும் ஆகலாம். வந்துவிட்டால் சாவு அநேகமாக உறுதி. இப்படிப்பட்ட நோய்க்கு ஒரு மருந்தைக் கொடுத்து, அது வேலை செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆள் பிழைத்தால் மருந்தால் பிழைத்தாரா, நோயே தொற்றவில்லையா? செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து நிற்கும் விலங்குகளிடம் உடலமைப்பைப் படிக்கலாம். இந்தக் கேள்விக்கு உயிருள்ள பிராணிதான் பதில் சொல்ல வேண்டும்.

1879-இல் லியோன் நகரத்துக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் கால்டியே, ரேபிஸை முயலுக்கு ஏற்ற முடியும் என்று காட்டினார். பாரிஸில் லூயி பாஸ்டரும் எமில் ரூவும் அங்கிருந்து ஒரு படி மேலே போனார்கள். நோய்ப்பொருளைச் சதையில் போடாமல், மண்டையோட்டில் துளையிட்டு மூளைக்கே கொண்டுபோனார்கள். முயலிலிருந்து முயலுக்கு மாற்றிக்கொண்டே போனபோது, நோய் தோன்றும் காலம் குறைந்து குறைந்து ஆறேழு நாளில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. எப்போது வரும் என்று தெரியாதிருந்த நோய்க்கு இப்போது தேதி குறிக்க முடிந்தது. என்னைக் கேட்டால் பாஸ்டரின் பெரிய சாதனை இதுதான். ஊசி பிறகு வந்தது. செத்த முயலின் தண்டுவடத்தை உலர்த்தி வீரியத்தைக் குறைத்து, 1885 ஜூலை 6-ஆம் தேதி ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குச் செலுத்தினார்கள். பையன் பிழைத்தான்.

இந்தியாவில் 1900-இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் சிகிச்சை நிலையம் வந்தது. தெற்கே இருப்பவர்களுக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் நீலகிரியில் வெறிநாய்க்கடியால் இறந்த பிறகு, தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த நன்கொடையின் உதவியோடு 1907-இல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் திறக்கப்பட்டது. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இன்றும் இருக்கிறது. பழனிமலையில் கடிபட்டவர் அந்தக் காலத்தில் மலையை விட்டு இறங்கி, அம்மையநாயக்கனூரில் ரயில் பிடித்து, மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு மாறிக் குன்னூர் சேர வேண்டும். இத்தனையும் நோய் முந்திக்கொள்வதற்குள்!

இந்தத் தூரத்துக்குத் தீர்வு சொன்னவர் கசௌலியில் இருந்த டேவிட் செம்பிள். 1911 வாக்கில் அவர் உருவாக்கிய முறை பரவியபோது, ஆட்டின் மூளையில் நோய்க்கிருமியை வளர்த்து, ஆடு வாதம் கண்டு விழுந்ததும் மூளையை எடுத்து அரைத்து, ஃபீனால் கலந்து கிருமியைச் செயலிழக்கச் செய்தார்கள். சீசாவில் அடைத்து ஊர் ஊராக அனுப்பலாம். முயலைவிட ஆட்டுக்கு மூளை பெரிது, ஆடு எங்கும் கிடைக்கும், செலவும் குறைவு. குன்னூரும் இந்த வழிக்கு வந்தது. நோயாளி மருந்தைத் தேடிப் போனது போய், மருந்து நோயாளியைத் தேடி வந்தது. எத்தனையோ உயிர்களை அந்தச் சீசா காப்பாற்றியிருக்கும். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் ஊசி போட்டவர்களில் சிலருக்குக் கால் இழுத்துக்கொண்டது. சிலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிலர் இறந்தும் போனார்கள். சில நூறு பேருக்கு ஒருவர் என்று ஒரு கணக்கு, பல ஆயிரத்துக்கு ஒருவர் என்று இன்னொன்று. நாய் கொடுத்த நோயா, ஊசி கொடுத்த நோயா என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. தீர்த்து வைத்தவை குரங்குகள். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ், நோய்க்கிருமி துளியும் இல்லாத, ஆரோக்கியமான முயல் மூளையைக் கரைத்து ரீசஸ் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார். குரங்குகளுக்கு வாதம் வந்தது. 1933-இல் முடிவு வெளியானது. ஆக, கிருமிமீது குற்றமில்லை. அந்நிய மூளையை எதிர்க்கக் கிளம்பிய உடல், அதே போலிருக்கும் தன் நரம்பு உறையையும் சேர்த்துத் தாக்குகிறது. நரம்பு உறை அரிக்கப்படும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயை இன்றும் ஆய்வாளர்கள் படிப்பது இந்தச் சோதனையின் வழிவந்த விலங்கு மாதிரிகளில்தான்.

அடுத்து எலி சாட்சி சொன்னது. 1939-இல் லெஸ்லி வெப்ஸ்டர், சந்தையில் இருந்த தடுப்பூசிகளை எலிகளுக்குப் போட்டு, பிறகு ரேபிஸைக் கொடுத்துப் பார்த்தார். பல ஊசிகள் எலிகளைக் காப்பாற்றவில்லை. எந்தத் தொகுதி வீரியமானது, எது வெறும் தண்ணீர் என்று அளக்க ஒரு வழி அதிலிருந்து பிறந்தது. 1955-இல் சிலி நாட்டில் ஃபுவென்சலிடாவும் பலாசியோஸும் பிறந்து சில நாளேயான எலிக்குஞ்சின் மூளையில் தடுப்பூசி தயாரித்தார்கள். அந்த வயதில் நரம்பு உறை சரியாக உருவாகியிருக்காது என்பதால் ஆபத்து குறைவு. தென் அமெரிக்கா அதைப் பிடித்துக்கொண்டது. நாம் ஆட்டையே பிடித்துக்கொண்டிருந்தோம்.

விலங்குச் சோதனை பற்றிய விவாதத்தில் இரண்டு கட்சிகளும் கவனிக்காத இடம் இது. குரங்குகள் தங்கள் உயிரைக் கொடுத்துச் சொன்ன பதில் 1933-லேயே அச்சில் இருந்தது. 1980-களில் உலக சுகாதார நிறுவனம் நரம்புத் திசு ஊசியைக் கைவிடச் சொன்னது. இந்தியா உற்பத்தியை நிறுத்தியது 2004 டிசம்பரில். எழுபது ஆண்டுகள்! பணக்காரர்கள் கடையில் விலை கொடுத்து, மூளைத் திசு இல்லாமல் செல்களில் வளர்த்த நல்ல ஊசியைக் கையில் போட்டுக்கொண்டார்கள். அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவர்களுக்குத் தொப்புளைச் சுற்றி. ஏழை நாட்டுக்கு வேறு வழியில்லை என்பது பாதி உண்மைதான். அந்த மாற்று ஊசியைத் தோலுக்குள் சிறு அளவில் போட்டால் மருந்து மிச்சம், செலவும் குறைவு என்று தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் முன்பே காட்டியிருந்தது. அதற்கு இங்கே அனுமதி கிடைத்தது 2006-இல். ஒரு சோதனையில் விலங்கைக் கொல்வது நியாயமா என்று கேட்பவர்கள், அதன் முடிவை யாரும் மதிக்காமல் விட்டால் அந்தச் சாவுக்கு என்ன பெயர் என்றும் கேட்கலாம்.

இப்போது குன்னூரில் ஆட்டு மூளை இல்லை. ரேபிஸ் தடுப்பூசிகள் பல இன்று வளர்வது வீரோ செல்களில். 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள் அவை. குரங்கு போய்விட்டது, செல்கள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. எலிகளுக்கு மட்டும் முழு விடுதலை இல்லை. வீரியத்தை அளக்கும் பழைய முறையில், எலிகளுக்கு ஒரு வார இடைவெளியில் இருமுறை தடுப்பூசி போட்டு, அடுத்த வாரம் மூளையிலேயே கிருமியைச் செலுத்தி, எத்தனை பிழைத்தன என்று எண்ணுகிறார்கள். தடுப்பூசியில் உள்ள புரதத்தைச் சோதனைக் குழாயிலேயே அளந்துவிடும் முறைகள் வந்திருக்கின்றன. 2023-இல் இந்திய மருந்து விதிகளிலும் விலங்கில்லாத சோதனைகளுக்கு இடம் கிடைத்தது. என்றாலும் பல்லாண்டு நம்பிய அளவுகோலைக் கீழே வைக்க அதிகாரிகள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. இந்த நோயில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

ஆழமாகக் கடித்துக் குதறியிருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றியே எதிர்ப்புப் புரதத்தைச் செலுத்த வேண்டும். அது பெரும்பாலும் குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. குதிரையே வேண்டாம் என்று ஆய்வகத்தில் செல்களை வளர்த்துத் தயாரிக்கும் ஒற்றை எதிர்ப்புப் புரத மருந்து ஒன்றைப் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறது. குதிரைக்கு ஓய்வு கொடுக்க வந்த அந்த மருந்தும், மனிதருக்கு வருவதற்கு முன்னால், ஹாம்ஸ்டர்களின் உடலில்தான் தேர்வு எழுதியது.