பத்து வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் முதல் ஆண்டுதான்!

ஒரு பெண் 10 ஆண்டுகளாக நர்சு வேலை பார்க்கிறார். ஊசி போடுவார். காயத்துக்குக் கட்டுப் போடுவார். நோயாளியின் முகத்தைப் பார்த்தே, நிலைமை மோசமாகிறதா என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு டாக்டராக ஆசை வருகிறது.

"நான் ஏற்கெனவே படித்த பாடங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை மட்டும் படிக்கிறேன்" என்று அவர் கேட்கிறார். கல்லூரி சம்மதிக்குமா?

அமெரிக்காவில் நர்சுகள் இப்படிக் கேட்கிறார்கள். பிசியோதெரபி படித்தவர்கள் கேட்கிறார்கள். முதுகெலும்பைக் கையால் பிடித்துச் சரிசெய்யும் கைரோபிராக்டர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் அநேகமாக ஒரே பதில்தான்: "முதல் ஆண்டிலிருந்து படியுங்கள்."

இவர்களில் பலர் கேட்டுப் போவது டி.ஓ. பட்டம் தரும் கல்லூரிகளை. அது என்ன பட்டம்?

இரண்டு வகை டாக்டர்

அமெரிக்காவில் டாக்டர் பட்டம் இரண்டு உண்டு. ஒன்று எம்.டி. மற்றொன்று டி.ஓ.

டி.ஓ. படிப்பைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற டாக்டர். 1864-ஆம் ஆண்டு மூளைக்காய்ச்சல் அவருடைய பிள்ளைகள் மூவரைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் காலத்து மருந்துகள் எதுவும் கைகொடுக்கவில்லை. மருந்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை போயிற்று. எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்து நோயைப் போக்க முடியுமா என்று ஆராய்ந்தார். அந்த முறைக்கு "ஆஸ்டியோபதி" என்று பெயர் வைத்தார்.

1892-இல் மிசௌரி மாநிலத்தில் உள்ள கிர்க்ஸ்வில் என்ற ஊரில் பள்ளி தொடங்கினார். அங்கே உடற்கூறு கற்பிக்க வந்தவர் வில்லியம் ஸ்மித். அவர் எடின்பரோவில் படித்துத் தேறிய டாக்டர். ஸ்டில் தம் கைமுறையை ஸ்மித்துக்குக் கற்றுக்கொடுத்தார். ஸ்மித் மாணவர்களுக்கு உடற்கூறு கற்றுக்கொடுத்தார்.

பிற்காலத்தில் இந்தக் கல்லூரிகள் மருந்து, அறுவை எல்லாவற்றையும் கற்பித்தன. இன்று டி.ஓ. பெற்றவர் முழு டாக்டர். மருந்து எழுதுவார். ஆபரேஷனும் செய்வார். கைமுறை வைத்தியம் அவருக்குக் கூடுதல் பாடம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே "ஆஸ்டியோபதி" என்ற பெயரில் கைவைத்தியப் படிப்பு பல நாடுகளில் நடக்கிறது. அந்தச் சான்றிதழ் வேறு, அமெரிக்க டி.ஓ. வேறு. அதை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் டாக்டராக முடியாது.

ஏன் கழிக்க மாட்டார்கள்?

"உடற்கூறு எங்கே படித்தாலும் உடற்கூறுதானே?" என்று தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் கல்லூரியிடம் காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், பாடம் நடத்தும் விதம். பல கல்லூரிகளில் உறுப்பு வாரியாகப் பாடம் நடக்கிறது. இருதயம் என்றால், அதன் அமைப்பு, அது வேலை செய்யும் விதம், அதற்கு வரும் நோய், கொடுக்கும் மருந்து எல்லாம் ஒரே கட்டாக வரும். பின்னிய ஜடையிலிருந்து ஒரு புரியை மட்டும் உருவ முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

இரண்டாவது காரணம், பாடத்தின் நோக்கம். நோயாளியைக் கவனிப்பதற்கு ஒரு படிப்பு. தளர்ந்த தசைக்குப் பயிற்சி கொடுப்பதற்கு ஒரு படிப்பு. இன்ன நோய் என்று முடிவு கட்டி, அந்த முடிவுக்குப் பொறுப்பு ஏற்பதற்கு ஒரு படிப்பு. பாடத்தின் பெயர் ஒன்றாக இருக்கலாம், ஆழம் ஒன்றல்ல.

மூன்றாவது காரணம், சட்டதிட்டம். டி.ஓ. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் விதிப்படி, அங்கீகாரம் பெற்ற இன்னொரு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் படிப்பையே படித்துக்கொண்டிருப்பவர்தான் பாதியில் மாறி வரலாம். அவரும் குறைந்தது பாதிப் படிப்பையாவது பட்டம் தரும் கல்லூரியிலேயே முடிக்க வேண்டும். நர்சுப் படிப்பும் பிசியோதெரபியும் டாக்டர் படிப்பு அல்ல. ஆகவே அவை இந்தக் கணக்கில் வருவதில்லை.

அப்படியானால் படித்தது வீணா?

வீண் இல்லை. வாசலைத் தாண்ட அது உதவும்.

அமெரிக்காவில் முதலில் கல்லூரிப் பட்டம். அதற்குப் பிறகுதான் மருத்துவப் படிப்பு. உயிரியல், ரசாயனம், பௌதிகம் ஆகியவற்றைச் சோதனைச்சாலைப் பயிற்சியோடு படித்திருக்க வேண்டும். எம்காட் என்ற நுழைவுப் பரீட்சையும் எழுத வேண்டும். முன்பு படித்த பட்டமும் விஞ்ஞானப் பாடங்களும் இங்கே கணக்கில் வரும். ஆஸ்பத்திரி அனுபவம் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கைகொடுக்கும்.

இடம் கிடைப்பது வேறு. ஆண்டு குறைவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு சிறிய வாசல்

ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் கொஞ்சம் சலுகை கிடைத்தது. அவர்கள் டாக்டர் உதவியாளர்கள்.

இந்த வேலையே பழைய அனுபவத்துக்கு மதிப்புக் கொடுத்துப் பிறந்தது. 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் என்ற டாக்டர் இதற்கான பயிற்சியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 4 பேர். நால்வரும் கடற்படையில் மருத்துவ வேலை பார்த்தவர்கள். அப்போது டாக்டர்களுக்குப் பஞ்சம். கைப்பழக்கம் உள்ளவர்களை ஏன் வீணாக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

பென்சில்வேனியாவில் ஈரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1992-இல் தொடங்கிய லேக் ஈரி ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி, 2011-இல் டாக்டர் உதவியாளர்களுக்கு என்று தனி வழி திறந்தது. வழக்கமான படிப்பு 4 ஆண்டு. இவர்களுக்கு 3 ஆண்டு. தொடங்கியபோது ஆண்டுக்கு 12 இடம்.

எந்த இடத்தில் குறைத்தார்கள் தெரியுமா? வகுப்புப் பாடத்தில் அல்ல; ஆஸ்பத்திரிப் பயிற்சியில்! உதவியாளர்கள் பிரசவம், அறுவை, குழந்தை வைத்தியம் என்று பல பிரிவுகளில் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்கள். அந்தப் பழக்கத்துக்குத்தான் சலுகை.

ஓர் ஆண்டு என்பது சிறிய லாபம் அல்ல. ஓர் ஆண்டுச் சம்பளம் மிச்சம். ஓர் ஆண்டுச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். ஆனால் பட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் பயிற்சி குறைந்தது 3 ஆண்டு. அதில் சலுகை இல்லை.

65 டாலருக்கு எம்.டி.!

கலிபோர்னியாவில் ஒரு விசித்திரம் நடந்தது.

1961-இல் அந்த மாநிலத்தின் எம்.டி. சங்கமும் டி.ஓ. சங்கமும் ஒன்றாகச் சேர ஒப்பந்தம் செய்தன. 1962-இல் லாஸ் ஏஞ்சல்சில் இருந்த டி.ஓ. கல்லூரி எம்.டி. கல்லூரியாக மாறியது. 65 டாலர் கட்டிய டி.ஓ.க்களுக்கு எம்.டி. பட்டம் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் 2,000 பேருக்கு மேல்!

அதே ஆண்டு நவம்பரில், புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் இல்லை என்று ஓட்டெடுப்பில் முடிவாயிற்று. மாறாமல் நின்ற சிலர் விடவில்லை, வழக்குப் போட்டார்கள். 1974-இல் மாநில உயர்ந்த நீதிமன்றம் கதவை மறுபடி திறந்துவிட்டது.

65 டாலர் கட்டியதால் யாருக்கும் அறிவு கூடவில்லை. அவர்கள் முன்பே முழுதாகப் படித்த டாக்டர்கள். மாறியது பெயர்ப்பலகை மட்டும். முழுப் படிப்பு இருந்ததால்தான் காகிதத்தை ஒரே நாளில் மாற்ற முடிந்தது.

வீட்டார் கேட்க வேண்டியவை

நம் ஊரில் பிசியோதெரபியும் நர்சுப் படிப்பும் முடித்து அமெரிக்கா போகிறவர்கள் உண்டு. அவர்களிடம், "உங்கள் படிப்பைக் கழித்து, சீக்கிரம் டாக்டர் பட்டம் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்.

கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா?

எத்தனை ஆண்டு குறையும் என்று கல்லூரியே எழுத்தில் தருமா?

அந்தப் பட்டத்தை வைத்து, நீங்கள் வேலை பார்க்கப் போகும் மாநிலத்தில் உரிமம் கிடைக்குமா?

மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரட்டும். அதுவரை பணப்பையைத் திறக்க வேண்டாம். முதல் ஆண்டிலிருந்து படிப்பது அவமானம் அல்ல. குறுக்கு வழியில் போய்ப் பணத்தையும் காலத்தையும் இழப்பதுதான் நஷ்டம்.