ஃபின் மடங்கினால் இன்ஜின் ஏன் கொதிக்கிறது?

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகும் பைக்கின் ரேடியேட்டரில் பொடிக்கல் தெறிக்காமல் இருக்காது. கூலன்ட் ஓடுவது தட்டைக் குழாய்களில். இடையே மடிப்பு மடிப்பாக நிற்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள்தான் ஃபின்கள். கல் பட்டால் மடங்குபவை இவைதான். சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் பரப்பைப் பல மடங்காக்குபவை அவை.

மடங்கினாலும் பரப்பு குறையவில்லையே? உண்மை. ஆனால் காற்று நுழையும் வழி அடைபடுகிறது. நாலைந்து மடங்கினால் கவலையில்லை. பெரும்பகுதி மடங்கி, சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால்தான் வினை.

இன்ஜின் ஆறியபின் மெல்லிய, மழுங்கிய முனையுள்ள கருவியால் ஃபின்களை நிமிர்த்துங்கள். அலுமினியத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியும். குழாயில் குத்தினால் ஒழுகும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டே பிடிக்க விடாதீர்கள். கல்லைவிட அது மோசம். முன்னால் வலை மாட்டலாம், ஆனால் ரொம்ப நெருக்கமான வலை காற்றையே தடுக்கும்.