கழித்தால் வராத விடை

டிசம்பர் மாதத் தில்லிக் குளிர். மறுநாள் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு. என் மகள் நோட்டுப் புத்தகத்துடன் வந்து நின்றாள். "அப்பா, இந்தக் கணக்கு தப்புன்னு மிஸ் சுழிச்சிட்டாங்க. எங்கே தப்புன்னே தெரியலை" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

கணக்கு இதுதான்: பக்க இணைப்பில் இரண்டு மின்தடைகள். ஒன்று 12 ஓம். மற்றது எவ்வளவு என்று தெரியாது. மொத்த மின்தடை 4 ஓம். தெரியாததைக் கண்டுபிடிக்க வேண்டும். மகள் 12இலிருந்து 4ஐக் கழித்து, 8 என்று எழுதியிருந்தாள்.

சூத்திரம் எனக்கும் மறந்துவிட்டது. ஆனால் ரயில் நிலைய வரிசை மறக்குமா? "கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுக்க நின்றோமே, இரண்டாவது கவுண்ட்டரைத் திறந்ததும் என்ன ஆச்சு?"

"வரிசை வேகமா நகர்ந்தது."

"அதேதான். வழி கூடினால் தடை குறையும். பக்க இணைப்பில் மொத்தத் தடை, அங்குள்ள மிகச் சிறிய தடையைவிடவும் குறைவாகத்தான் இருக்கும்."

ஆகவே இங்கே தடைகளை நேராகக் கூட்டவோ கழிக்கவோ கூடாது. கூடுவது மின்னோட்டம். 12 வோல்ட் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தத் தடை 4 ஓம் என்பதால், மொத்த மின்னோட்டம் 3 ஆம்பியர். 12 ஓம் வழியே 1 ஆம்பியர் போகிறது. மீதி 2 ஆம்பியர் தெரியாத தடையின் வழியேதான் போக வேண்டும். 12ஐ 2ஆல் வகுத்தால் 6 ஓம். விடை கிடைத்துவிட்டது!

பாடப்புத்தகச் சூத்திரம் சொல்வதும் இதையேதான்: 1/4 − 1/12 = 1/6. தலைகீழாக்கினால் 6.

சரிபார்ப்பதும் எளிது. இரண்டு தடைகளின் பெருக்கற்பலனைக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 12ஐயும் 6ஐயும் பெருக்கினால் 72; கூட்டினால் 18; வகுத்தால் 4. மகள் எழுதிய 8ஐப் போட்டால் 4.8 வருகிறது. தப்பு தானே வெளிப்பட்டுவிடும்.

நம் வீட்டு மின்கருவிகளும் பக்க இணைப்பில்தான் இயங்குகின்றன. ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் கருவிகளைச் சேர்க்கச் சேர்க்க மொத்தத் தடை குறையும், மின்னோட்டம் ஏறும், ஒயர் சூடாகும். தீப்பிடிக்கவும் கூடும்.

கணக்கை முடித்த மகள், சீருடைக்கு இஸ்திரி போட எழுந்தாள். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்த போர்டில் பெட்டியைச் செருகப் போனவள் ஒரு கணம் நின்றாள். ஹீட்டரை அணைத்து, அதன் பிளக்கைப் பிடுங்கினாள். நான் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் தேர்வைப் பற்றிய கவலை எனக்குத் தீர்ந்தது.