சிறிய புடைப்பு: அளவு மட்டும் போதுமா?

மழைக்காலத்தில் சிலிம் ரிவர் பக்கம் ஆற்றங்கரையைக் கவனித்திருக்கிறீர்களா? கரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அரிக்கப்படுவதில்லை. நீர் வேகமாக வந்து மோதும் இடமே முதலில் சரியும். நம் மூளையின் இரத்தக் குழாய்களிலும் இத்தகைய இடங்கள் உண்டு.

மூளையின் அடியில் இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து வளையம்போல் அமைந்துள்ளன. 1664இல் இதை விளக்கிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால் இது 'வில்லிஸ் வளையம்' எனப்படுகிறது. குழாய்கள் கிளை பிரியும் இடங்களில் இரத்தம் சுவரில் மோதுகிறது. அங்கே சுவர் நலிந்தால் அது பலூன்போல் புடைக்கும். இதுவே 'அனியூரிசம்'. பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இது இருக்கலாம். பெரும்பாலானவை வெடிப்பதில்லை. வெடித்தாலோ, உயிருக்கே ஆபத்து.

புடைப்பு பெரிதாக இருந்தால் ஆபத்தும் அதிகம். அப்படியானால் சிறியவை எல்லாம் ஒன்றா? இல்லை!

அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2003இல் வெளிவந்தது. முன்பு இரத்தக்கசிவு ஏற்படாதவர்களிடம், 7 மில்லிமீட்டருக்குக் குறைவான புடைப்புகள் ஒப்பிடப்பட்டன. மூளையின் முன்பகுதிக் குழாய்களில் இருந்தவை 5 ஆண்டுகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. பின்பகுதிக் குழாய்களிலும், முன்னையும் பின்னையும் இணைக்கும் 'பின் இணைப்புத் தமனி'யிலும் இருந்தவற்றில் 2.5 விழுக்காடு வெடித்தன.

அப்படியென்றால் முன்பகுதி பாதுகாப்பானதா? அவசரப்படாதீர்கள். ஜப்பானில் 5,720 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. முன்பகுதியிலேயே உள்ள 'முன் இணைப்புத் தமனி'யின் புடைப்புகள், 'நடு மூளைத் தமனி'யில் உள்ளவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வெடிக்கும் வாய்ப்புடையவை என்று அது காட்டியது. பின் இணைப்புத் தமனியிலும் ஏறக்குறைய அதே நிலைதான்.

ஆகவே, மருத்துவர்கள் அளவை மட்டும் பார்ப்பதில்லை. இடம், வடிவம், வயது, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். அறுவை சிகிச்சையிலும் ஆபத்து உண்டு. அதனால் சில புடைப்புகளை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும்.

மாணவர்களே, ஒன்றை மறவாதீர்கள். வீட்டில் யாருக்காவது இதுவரை வராத அளவுக்குக் கடுமையான தலைவலி திடீரென வந்தால், மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள். புகைபிடிக்கும் பெரியவர்களிடமும் அன்பாகச் சொல்லுங்கள்: புகையும் உயர் இரத்த அழுத்தமும் இந்தக் குழாய்ச் சுவரின் எதிரிகள்.