கூரைக்கு அடியில் ஓர் அறை: போட்ட பணம் தேறுமா?

பாசிர் கூடாங், மாசாய் தாமான்களில் ஒற்றை மாடி வரிசை வீடு வைத்திருப்பவர்களுக்குப் பிள்ளைகள் வளர வளர இடம் பற்றாமல் போகிறது. பின்புறத்தைச் சமையலறைக்காக ஏற்கெனவே நீட்டியாயிற்று, முன்புறத்தில் கார் நிற்கிறது. மிச்சமிருப்பது சீலிங்குக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே சும்மா கிடக்கும் வெளி. 2025 ஜனவரியில் ஒப்பந்தமான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் பாசிர் கூடாங்கும் இடம்பெற்றிருப்பதால், கூடுதல் அறையை வாடகைக்கு விடலாமே என்ற ஆசையும் சேர்ந்துகொள்கிறது.

குத்தகையாளரிடம் விலை கேட்பதற்கு முன் சீலிங் கதவைத் திறந்து, அளவு நாடாவோடு மேலே பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

தலை இடிக்காமல் நிற்க முடியுமா?

1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச் சட்டங்கள் படுக்கையறைக்குக் குறைந்தது 2.5 மீட்டர் உயரம் கேட்கின்றன. சரிவான கூரையின் கீழ் உள்ள மேல்தள அறைக்கு, சராசரி உயரம் 2.5 மீட்டர் இருக்க வேண்டும். எந்த இடத்திலும் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது.

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டின் அகலம் 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர். கூரை மூடும் ஆழம் 12 மீட்டர், முகடு நடுவில். சரிவு 25 பாகை என்றால் முகட்டின் உயரம் சுமார் 2.8 மீட்டர். புதிய தளத்துக்கும் வெப்பத்தடுப்புக்கும் 30 சென்டிமீட்டரைக் கழித்தால் 2.5 மீட்டர்தான் மிச்சம். நிமிர்ந்து நிற்கக் கிடைப்பது நடுவில் 2.1 மீட்டர் அகலப் பட்டை. அதன் சராசரி உயரம் 2.25 மீட்டர். சட்டப்படி அது அறை ஆகாது.

அதே வீட்டுக்குச் சரிவு 30 பாகை என்றால் நிலைமை மாறுகிறது. பட்டையின் அகலம் 4 மீட்டர், சராசரி உயரம் 2.58 மீட்டர், பரப்பு 24 சதுர மீட்டர். வெறும் 5 பாகைதான் பரணையும் அறையையும் பிரிக்கிறது.

ஜன்னல் எங்கே வைப்பது?

தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்கு ஜன்னல் வேண்டும். 5 விழுக்காடாவது காற்று வரத் திறந்திருக்க வேண்டும். நடு வீட்டின் இரு பக்கமும் அண்டை வீட்டாரோடு பகிர்ந்த சுவர். அதில் ஜன்னல் வைக்க முடியாது. கூரையைத்தான் வெட்ட வேண்டும். வெட்டிய இடமெல்லாம் நாளை மழை ஒழுகக்கூடிய இடம். பக்கச் சுவர் வெளியைப் பார்த்திருக்கும் கடைசி வீட்டுக்காரருக்கு மட்டும் இந்தத் தலைவலி குறைவு.

கூரைச் சட்டம் தாங்குமா?

கூரைச் சட்டத்தின் கீழ்க்கட்டை சீலிங்கைத் தாங்குவதற்கு மட்டும் போட்டது. குடியிருப்புத் தளமோ சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ பாரம் தாங்க வேண்டும். நடுவில் குறுக்கே நிற்கும் கட்டைகளை இடைஞ்சல் என்று அறுத்துவிட்டால் சட்டத்தின் பலமே போய்விடும். கீழ்க்கட்டையை வெட்டினால் கூரையின் இரு சரிவும் விரிந்து சுவரை வெளியே தள்ளும். ஆகவே தனி உத்தரங்கள் வேண்டும். அந்தப் பாரத்தைத் தூணும் அடித்தளமும் ஏற்குமா என்று பதிவு பெற்ற பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் தண்ணீர்த் தொட்டியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அதை இடம் மாற்றும் செலவு முதல் விலைப்பட்டியலில் பெரும்பாலும் வராது.

படிக்கட்டு எவ்வளவு இடம் எடுக்கும்?

படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மிதிபலகை 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 3.3 மீட்டர் ஏறுவதற்கு 19 படிகள், ஏறத்தாழ 4.6 மீட்டர் நீளம். 90 சென்டிமீட்டர் அகலம் வைத்தால் கீழே 4 சதுர மீட்டர் போகிறது, மேலே திறப்புக்கு இன்னொரு 4. தலை இடிக்காமல் ஏற, படிக்கட்டு முகட்டுக்கு நேர் கீழே, அதாவது வீட்டின் நட்டநடுவில் முடிய வேண்டும். 24 சதுர மீட்டர் என்று நினைத்தது 16 ஆகிவிடுகிறது. உதாரணத்துக்கு 80,000 ரிங்கிட் கேட்டால், சதுர மீட்டருக்கு 3,333 ரிங்கிட் என்று தோன்றுவது உண்மையில் 5,000 ரிங்கிட்.

இங்கிலாந்தில் இந்த வேலை பரவலாக நடக்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வரிசை வீட்டுக் கூரையை 40 கன மீட்டர் வரை தனித் திட்ட அனுமதி இல்லாமலே விரிக்கலாம். அங்கே மேலே ஏறும் வெப்பம் வரவு, இங்கே அது செலவு. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே இருக்கும் நமக்கு, நண்பகல் வெயில் சுவரைவிடக் கூரையில்தான் விழுகிறது. நல்ல வெப்பத்தடுப்பும் குளிர்சாதனமும் இல்லாமல் பகலில் அந்த அறையில் இருக்க முடியாது. மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி இல்லாமல் செய்தால்?

1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவுப்படி, இத்தகைய மாற்றத்துக்கு ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. இங்கே அது 2020 நவம்பரில் மாநகர் அந்தஸ்து பெற்ற பாசிர் கூடாங் மாநகர் மன்றம். அங்கீகரித்த பிளான் இல்லாத அறையை, விற்கும்போது வங்கியின் மதிப்பீட்டாளர் முழு அறையாக எண்ணுவார் என்று நம்ப முடியாது. ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய 5 ஆண்டுகளுக்குள் விற்றால், சொத்து ஆதாய வரிக் கணக்கில் மேம்பாட்டுச் செலவைக் கழிக்க அவை உதவும். குடிமக்களுக்கு 6ஆம் ஆண்டிலிருந்து 2022 முதல் அந்த வரி இல்லை.

முடிவு எப்படி எடுப்பது?

சரிவு 30 பாகையோ அதற்கு மேலோ, கடைசி வீடு, பத்து ஆண்டுகளாவது அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்ற மூன்றும் பொருந்தினால் பொறியாளரை அழைக்கலாம். சரிவு 25 பாகை என்றால் கூரையையே உயர்த்த வேண்டும். அந்த நிலையில் முழு மாடிக்கும் சேர்த்து விலை கேட்டு ஒப்பிடுங்கள். கூடும் செலவுக்குக் கிடைக்கும் இடம் பல மடங்காக இருக்கலாம். வாடகை மட்டுமே நோக்கமென்றால், மொத்தச் செலவை ஓராண்டு நிகர வாடகையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் உங்கள் வீட்டுக் கடனின் மிச்ச ஆண்டுகளைத் தாண்டினால், கூரைவெளியைப் பரணாகவே விட்டுவிட்டு, அந்தப் பணத்தைக் கடனில் கட்டுவதே லாபம்.